புள்ளியை நொடியால் வகுத்தால்

பிராக்டிகல் பிஸ்டல் போட்டியின் ஆயுதப் பிரிவுகளும் மதிப்பெண் முறையும்: ஒரு திறனாய்வு

தாம்பரத்தைச் சுற்றிய தென்சென்னைப் புறநகருக்குத் துப்பாக்கிச் சத்தம் புதிதல்ல. பரங்கிமலையில் இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம் இருக்கிறது. வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகம். செங்கல்பட்டு மாவட்டத்து ஒத்திவாக்கத்தில் காவல்துறையின் கமாண்டோ பயிற்சித் தளம். பெண் காவலர்களுக்கான அகில இந்தியத் துப்பாக்கி சுடும் போட்டி 2023இல் அங்குதான் நடந்தது. வேளச்சேரி குருநானக் கல்லூரியின் ரேஞ்சில், 2024 ஜனவரியில் தமிழ்நாடு நடத்திய கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளின் சுடுதல் போட்டிகள் நடந்தன.

இந்தத் தளங்களில் இரண்டு வகைச் சுடுதல் நடக்கிறது. வேளச்சேரியில் ஒரு மாணவி ஒற்றைக் கையை நீட்டி, மூச்சை அடக்கி, 10 மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையின் நடுப்புள்ளியைத் தேடுகிறாள். அவளுக்கு அவசரம் இல்லை. ஒத்திவாக்கத்தில் பயிலும் காவலருக்கோ உறையிலிருந்து பிஸ்டலை எடுக்கவும், நகரவும், மறைவிலிருந்து சுடவும் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு நேரம் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் உலகெங்கும் வளர்ந்திருக்கும் விளையாட்டுதான் பிராக்டிகல் பிஸ்டல். 1976இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் இதற்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு, ஐ.பி.எஸ்.சி., உருவானது. ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். துல்லியம், வலிமை, வேகம் மூன்றையும் ஒருசேரச் சோதிப்பதே அதன் இலட்சியம்.

அதன் மதிப்பெண் முறையில் ஒரு பகுதி நம் பயிற்சித் தளங்களுக்கு உடனே வர வேண்டியது. இன்னொரு பகுதி வரவே கூடாதது. எந்தப் பகுதி எது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

வேலியும் வகுத்தலும்

சுடுதல் போட்டி நடத்தும் எவரும் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்: குறியும் வேகமும் மோதும்போது எதற்கு எவ்வளவு மதிப்பு?

ஒலிம்பிக் வழியில் நேரம் ஒரு வேலி. 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் ஐந்து இலக்குகளுக்கு ஐந்து தோட்டா. 8 நொடி, 6 நொடி, 4 நொடி என்று வேலி நெருங்கி வரும். வேலிக்குள் முடித்துவிட்டால் போதும். 3.9 நொடியில் முடித்தவருக்கும் 3 நொடியில் முடித்தவருக்கும் வேறுபாடு இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதிச்சுற்றில் விஜய் குமார் வெள்ளி வென்றது இப்படித்தான். ஒவ்வொரு தொடரும் 4 நொடிக்குள் ஐந்து தோட்டா, 9.7 அல்லது அதற்கு மேல் பட்டால் ஒரு புள்ளி, இல்லையேல் சுழி. 40க்குக் கியூபாவின் லியூரிஸ் பூப்போ 34, விஜய் குமார் 30. தெளிவான, நேர்மையான முறை. ஆனால் வேலிக்குள் வந்த பிறகு வேகத்துக்கு அங்கே விலை இல்லை.

பிராக்டிகல் போட்டி வேலியைப் பிடுங்கிவிட்டு வகுத்தலைக் கொண்டுவந்தது. அட்டை இலக்கில் ஏ, சி, டி என மூன்று வட்டாரங்கள். ஒவ்வோர் அட்டைக்கும் பொதுவாக இரண்டு தோட்டா. ஏ பட்டால் 5 புள்ளி. சி பட்டால் 3, டி பட்டால் 1; இவை வலுக் குறைந்த ‘மைனர்’ தோட்டாவுக்கான கணக்கு. வலு மிகுந்த ‘மேஜர்’ தோட்டாவுக்கு சி 4, டி 2. குறி முழுதும் தவறினால் 10 கழியும். சுடக் கூடாத அட்டையைச் சுட்டாலும் 10 கழியும். போட்டியாளரின் பின்னால் நிற்கும் நடுவரின் கையில் ஒலியைக் கேட்டு இயங்கும் டைமர் இருக்கும். தொடக்க பீப்பிலிருந்து கடைசித் தோட்டாவின் ஓசை வரை அது நொடியின் நூறில் ஒரு பங்கு வரை கணக்கிடும். மொத்தப் புள்ளியை மொத்த நொடியால் வகுத்தால் வருவதுதான் ‘ஹிட் ஃபேக்டர்’. கிரிக்கெட்டில் ஓட்டத்தை ஓவரால் வகுப்பது போல, இங்கே நொடிக்கு இத்தனை புள்ளி.

12 அட்டைகள், 24 தோட்டாக்கள் கொண்ட ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம். அதிகபட்சம் 120 புள்ளி. முதலாமவர் நிதானக்காரர்: 20 ஏ, 4 சி. மைனர் கணக்கில் 112 புள்ளி. எடுத்துக்கொண்ட நேரம் 16 நொடி. ஹிட் ஃபேக்டர் 7. இரண்டாமவர் வேகக்காரர்: 14 ஏ, 9 சி, 1 டி. 98 புள்ளி. நேரம் 14 நொடி. அவருக்கும் 7. நிதானமும் வேகமும் ஒரே தட்டில் சமமாக நிற்கின்றன. எவ்வளவு அவசரப்படலாம், எங்கே பொறுக்க வேண்டும் என்பதைப் போட்டியாளரே முடிவு செய்கிறார். கணக்கு அதற்குத் தீர்ப்பு சொல்கிறது.

இந்த வகுத்தலின் அழகு இன்னும் ஆழமானது. ஹிட் ஃபேக்டர் 7 வரும் சுற்றில் ஒரு புள்ளியின் விலை ஏறக்குறைய 0.14 நொடி. ஏ பட வேண்டியது சி ஆனால் மைனரில் இழப்பு 2 புள்ளி, அதாவது 0.29 நொடி. தொலைவான இலக்கும் குறுகிய சந்தும் நிறைந்த கடினமான சுற்றில் ஹிட் ஃபேக்டர் 3தான் வரும் என்றால், அதே இழப்பு 0.67 நொடி. கைக்கெட்டும் தூரத்து இலக்குகள் கொண்ட, 10 வரும் சுற்றில் அது வெறும் 0.2 நொடி. அருகில் இருந்தால் விரைந்து சுடு, தொலைவில் இருந்தால் பொறுத்துச் சுடு என்ற பாடத்தை ஆசிரியர் வாயால் சொல்ல வேண்டியதில்லை. கணக்கே சொல்லித் தருகிறது. சுடுதல் விளையாட்டில் இதைவிடக் கூர்மையான சிந்தனை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. வேலி முறையில் பயின்றவர்கள் இழப்பது இந்தப் பாடத்தைத்தான்.

ஆயுதப் பிரிவு எதற்காக

எல்லோரும் ஒரே பிஸ்டலால் சுடுவதில்லை. ஒருவரிடம் ரெட் டாட் குறிக்கண்ணாடியும், குழலின் வாயில் வெளியேறும் வாயுவை மேல்நோக்கித் திருப்பி உதைப்பை அடக்கும் காம்பென்சேட்டரும் பொருத்திய பந்தயத் துப்பாக்கி. இன்னொருவரிடம் கடையில் வாங்கியபடியே உள்ள பிஸ்டல். மூன்றாமவரிடம் ஆறு தோட்டா ரிவால்வர். இவர்களை ஒரே பட்டியலில் வைத்தால் வெல்வது கையா, காசா என்று தெரியாது. அதனால்தான் பிரிவுகள். கருவிக்குத் தடையே இல்லாததுபோல் விரிந்தது ‘ஓப்பன்’. குறிக்கண்ணாடியும் காம்பென்சேட்டரும் இல்லாமல், 225 × 150 × 45 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்கியாக வேண்டியது ஐ.பி.எஸ்.சி.யின் ‘ஸ்டாண்டர்ட்’. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, மேகசினில் 15 தோட்டாவுக்கு மேல் நிரப்பாமல் சுட வேண்டியது ‘புரொடக்‌ஷன்’. பழைய 1911 வடிவத்துக்கு ‘கிளாசிக்’. ரிவால்வருக்குத் தனி இடம்.

இந்த நோக்கம் நமக்கு அந்நியமானதல்ல. இந்தியாவில் தேசிய ரைஃபிள் சங்கம் நடத்தும் போட்டிகளிலும் ‘ஓப்பன் சைட்’ ஏர் ரைஃபிளுக்கென்று தனிப் போட்டி இருக்கிறது. பீப் சைட் பொருத்திய ஜெர்மானிய, ஆஸ்திரிய ரைஃபிள்களின் விலை லட்சத்தைத் தாண்டும். குரோம்பேட்டையிலோ மேடவாக்கத்திலோ வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பம், பிள்ளைக்கு இந்த விளையாட்டு ஒத்துவருமா என்று பார்ப்பதற்கே அத்தனை பணம் போட முடியாது. எளிய குறியமைப்புடன் போட்டியிட ஒரு வாசல் திறந்திருப்பதுதான் பலரை உள்ளே கொண்டுவருகிறது. ஆயுதப் பிரிவின் நியாயம் முழுதும் இதில் அடங்கியிருக்கிறது: பணத்தால் வரும் வேறுபாட்டைப் பிரித்து ஓரமாக வைத்துவிட்டு, மனிதரின் திறமையை மட்டும் ஒப்பிடுவது.

இந்த நியாயத்தைப் பிராக்டிகல் போட்டியின் விதி இரண்டு இடங்களில் தானே உடைக்கிறது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

வலுவுக்குக் கொடுக்கும் பரிசு

முதல் உடைப்பு ‘பவர் ஃபேக்டர்’. தோட்டாவின் எடையை கிரெய்ன் கணக்கிலும் வேகத்தை நொடிக்கு அடிக் கணக்கிலும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். அமெரிக்கச் சங்கமான யு.எஸ்.பி.எஸ்.ஏ.யின் விதியில் 125 இருந்தால் மைனர், 165 இருந்தால் மேஜர். 124 கிரெய்ன் 9 மி.மீ. தோட்டா 1,050 அடி வேகத்தில் போனால் 130, மைனர். 180 கிரெய்ன் .40 தோட்டா 930 அடி வேகத்தில் போனால் 167, மேஜர்.

வலுவான தோட்டா அதிகமாக உதைக்கும். அந்த உதைப்பை அடக்கி அடுத்த குறியைப் பிடிப்பது கடினம். எனவே அந்தச் சிரமத்துக்கு ஈடாக சி, டி வட்டாரங்களில் ஒரு புள்ளி கூடுதல். கூப்பர் காலத்துச் சிந்தனை இது. வாதமாகக் கேட்கும்போது சரியாகவே தோன்றும். கணக்கில் போட்டால் வேறு முகம் தெரிகிறது. முன்னே சொன்ன நிதானக்காரருக்கும் வேகக்காரருக்கும் மேஜர் தோட்டா கொடுத்துப் பாருங்கள். பட்ட இடமும் நேரமும் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். நிதானக்காரருக்கு 116 புள்ளி. ஹிட் ஃபேக்டர் 7.25. வேகக்காரருக்கு 108 புள்ளி, 7.71. மைனரில் சமமாக நின்றவர்களில், துல்லியம் குறைந்தவர் மேஜரில் முந்திவிட்டார். வலுவுக்குக் கொடுத்த பரிசு, நடைமுறையில் சிதறிச் சுடுவதற்குக் கொடுத்த சலுகையாகிவிட்டது.

உதைப்பை அடக்குவது திறமை என்றால், அதைக் கருவியால் அடக்கலாமா என்ற கேள்வியும் எழுகிறது. ‘ஓப்பன்’ பிரிவில் காம்பென்சேட்டர் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. உதைப்புக்கான பரிசும் கிடைக்கிறது, உதைப்பும் குறைகிறது. இரண்டையும் ஒருசேரப் பெறுபவர், அந்தக் கருவியை வாங்க முடிந்தவர். பணத்தின் வேறுபாட்டை நீக்க வந்த விதி, மேஜர் மைனர் கணக்கு வழியாக அதைத் திரும்ப உள்ளே விடுகிறது.

ஒலிம்பிக் வழி இதற்கு நேர்எதிர். சென்டர் ஃபயர் பிஸ்டலில் 7.62 முதல் 9.65 மி.மீ. வரை எந்தத் தோட்டாவும் செல்லும். உதைப்பு மென்மையானது என்பதால் பெரும்பாலோர் .32 வாட்கட்டரையே தேர்கிறார்கள். வலுவுக்கு அங்கே மதிப்பே இல்லை. வலுவுக்குக் கீழ்வரம்பு மட்டும் வைத்து, மேலே போவதற்குப் பரிசு கொடுக்காமல் விடுவதே நியாயமான நடுவழி. மைனருக்கு மட்டுமே மதிப்பெண் தரும் ‘புரொடக்‌ஷன்’ பிரிவு இதைத்தான் செய்கிறது. அது செல்வாக்குப் பெற்றதில் வியப்பில்லை.

மூன்றாமவரால் மாறும் முடிவு

இரண்டாவது உடைப்பு இன்னும் மறைவானது. ஒவ்வொரு சுற்றிலும், பிரிவில் அதிக ஹிட் ஃபேக்டர் எடுத்தவருக்குச் சுற்றின் முழுப் புள்ளி. மற்றவர்களுக்கு அவரோடு ஒப்பிட்ட சதவீதம். எல்லாச் சுற்றின் புள்ளிகளையும் கூட்டினால் முடிவு. பார்க்க எளிமை. ஆனால் இங்கே ஒருவருடைய இடம் அவரது சுடுதலைப் பொறுத்தது மட்டுமல்ல.

தலா 100 புள்ளி கொண்ட இரண்டு சுற்றுகள். முதல் சுற்றில் ஹிட் ஃபேக்டர் கமலாவுக்கு 6, மாலதிக்கு 5. இரண்டாம் சுற்றில் கமலா 7, மாலதி 8.5. இருவர் மட்டும் இருந்தால் கமலாவுக்கு 100 + 82.35 = 182.35. மாலதிக்கு 83.33 + 100 = 183.33. மாலதி முன்னிலை. இப்போது தேவி என்ற மூன்றாமவர் சேர்கிறார். முதல் சுற்றில் 5, இரண்டாம் சுற்றில் 12. கமலாவுக்கும் மாலதிக்கும் ஒரு தோட்டாகூட மாறவில்லை. ஆனால் இரண்டாம் சுற்றின் அளவுகோல் 12 ஆகிவிட்டதால் கமலாவின் மொத்தம் 158.33, மாலதியுடையது 154.17. இப்போது கமலா முன்னிலை. கற்பனைப் பெயர்கள்தாம், கணக்கு கற்பனையல்ல. மூன்றாம் ஆள் வந்ததால் மற்ற இருவரின் வரிசை தலைகீழானது. சுடுதலில் தோற்காமலேயே மாலதி தோற்றுப்போனார்.

பிரிவுகள் பெருகும்போது இந்தக் குறை பெரிதாகிறது. ஒரு பிரிவில் நூறு பேர் இருந்தால் அளவுகோல் ஓரளவு நிலைக்கும். நான்கு பேர் இருந்தால் ஒருவரின் ஒரு நல்ல ஓட்டமோ ஒரு தடுமாற்றமோ எல்லோரையும் இழுத்துப் போகும். இதை உணர்ந்துதான், மூன்றாம் நிலைப் போட்டியில் ஒரு பிரிவுக்குக் குறைந்தது 10 பேராவது இருக்க வேண்டும் என்று ஐ.பி.எஸ்.சி. விதி வைத்திருக்கிறது. ஆனாலும் புதுக் கருவி சந்தைக்கு வரும்போதெல்லாம் புதுப் பிரிவு கேட்கும் குரல் எழுகிறது. பெரும்பாலும் வெற்றியும் பெறுகிறது. குறிக்கண்ணாடி பிரபலமானதும் ‘புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ்’, ‘கேரி ஆப்டிக்ஸ்’ வந்தது இதற்குச் சான்று. கருவி விற்பவருக்கும் பதக்கம் தேடுபவருக்கும் இதில் ஆதாயம். பதக்கத்தின் பொருளுக்குத்தான் இழப்பு.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. 1996இல் உருவான ஐ.டி.பி.ஏ. அமைப்பு வகுத்தலைக் கைவிட்டு, நேரத்தோடு தண்டனை நொடிகளைக் கூட்டுகிறது. 2017 முதல் இழந்த ஒரு புள்ளிக்கு ஒரு நொடி. மூன்றாமவர் வந்தாலும் இருவரின் வரிசை அங்கே மாறாது. ஆனால் தொலைவுக்கேற்ப அவசரத்தின் விலை மாறும் அந்த அருமையான பாடம் அங்கே இல்லை. இரண்டின் நன்மையும் வேண்டுமென்றால் விடை யு.எஸ்.பி.எஸ்.ஏ.யின் தரவரிசை முறையிலேயே இருக்கிறது. அங்கே ‘கிளாசிஃபையர்’ எனும் நிலையான சுற்றுகளுக்கு முன்கூட்டியே ஓர் உச்ச ஹிட் ஃபேக்டர் வைத்து, அதோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கிறார்கள். 95 சதவீதத்துக்கு மேல் கிராண்ட் மாஸ்டர். அளவுகோலை மனிதர்மேல் வைக்காமல் சுற்றின்மேல் வைத்தால் கமலாவும் மாலதியும் தங்கள் கையால் மட்டுமே வெல்வார்கள், தோற்பார்கள்.

தவறிய தோட்டா எங்கே போகும்

இதுவரை சொன்னவை விளையாட்டின் குறைகள். நம் புறநகர்க் காவலரின் பயிற்சிக்கு இதைக் கொண்டுவர நினைத்தால் எதிர்ப்படும் குறை வேறு. அது மிகக் கொடியது. முழுதும் தவறிய தோட்டாவுக்கு 10 கழிவு, வர வேண்டிய 5 இழப்பு. மொத்தம் 15 புள்ளி. ஹிட் ஃபேக்டர் 10 வரும் சுற்றில் அதன் விலை ஒன்றரை நொடி. சுடக் கூடாத அட்டையில் பட்டால் அதே சுற்றில் ஒரு நொடி. வேகமாக ஓடுபவர் ஈடுகட்டிவிடக்கூடிய விலை இது.

தாம்பரம் ரயில் நிலையத்தின் மேம்பாலத்தில் மாலை ஆறு மணிக்கு ஒரு தோட்டா தவறினால், அதற்கு விலை ஒரு நொடியா? 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பாதுகாப்புப் படையினரின் சுடுதளத்திலிருந்து பாய்ந்து வந்த தோட்டா வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவன் ஒருவன் தலையில் பாய்ந்தது. நான்கு நாள் கழித்து அவன் இறந்துபோனான். அது போட்டி அல்ல, பயிற்சி. ஆனால் தவறிய தோட்டா காற்றில் கரைந்துவிடுவதில்லை, எங்காவது போய்ச் சேர்கிறது என்பதை அந்தக் குழந்தையின் மரணம் மறக்க முடியாதபடி சொல்கிறது. மதிப்பெண் முறை என்பது மனத்தைப் பழக்கும் முறை. தவறினால் ஒரு நொடிதான் போகும் என்று ஆயிரம் முறை பழகிய கைக்கு, ஆயிரத்தோராவது முறை தெருவில் அதே கணக்குத்தான் தோன்றும்.

நமக்கு எது ஏற்றது

சட்டமும் இங்கே ஓர் எல்லை வரைந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் முதல் அட்டவணைப்படி, படைகளின் 9 மி.மீ. தோட்டாவும் .45 ரிம்லெஸ் தோட்டாவும் பொருந்தும் பிஸ்டல்கள் பொதுமக்களுக்குக் கட்டுப்படுத்தப்பட்ட வகை. உரிமத்தில் பரவலாகக் கிடைக்கும் .32 பிஸ்டலின் 71 கிரெய்ன் தோட்டா 900 அடி வேகத்தில் போனால் பவர் ஃபேக்டர் 64. மைனரின் வாசல்படிக்குப் பாதி. ஆகவே உலகப் பிராக்டிகல் போட்டியின் பிரிவுப் பட்டியலை அப்படியே இங்கே நட முடியாது. இதை நான் இழப்பாகக் கருதவில்லை. பொதுமக்கள் கையில் வலுவான பிஸ்டல் பெருகாமல் இருப்பது இந்தப் புறநகர்க்காரர்களுக்கு நல்லது. விளையாட்டுக்காக அதைத் தளர்த்தக் கூடாது.

ஆனால் புள்ளியை நொடியால் வகுக்கும் சிந்தனைக்கு உரிமம் தேவையில்லை. காவல்துறைக்கு ஆயுதப் பிரிவே வேண்டாம். எல்லோருக்கும் துறை கொடுக்கும் அதே பிஸ்டல், அதே உறை, அதே தோட்டா என்ற ஒரே பிரிவு போதும். மேஜர், மைனர் வேறுபாட்டை முழுதும் விட்டுவிடலாம். ஒவ்வொரு பயிற்சிச் சுற்றுக்கும் முன்கூட்டியே ஒரு நிலையான ஹிட் ஃபேக்டரை இலக்காக வைக்கலாம். யாரோடும் போட்டியிடாமல், போன மாதத்துத் தன்னோடு ஒவ்வொருவரும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். தவறிய தோட்டாவுக்கும் சுடக் கூடாத அட்டையில் பட்ட தோட்டாவுக்கும் கழிவு வேண்டாம். அந்தச் சுற்றுக்கே சுழி என்பதே சரி. வேகத்தால் வாங்க முடியாத ஒரே பொருளாகப் பிறர் உயிர் இருக்கட்டும்.

வேளச்சேரி மாணவிக்கும் இதில் பங்கு உண்டு. 20 ஜூலுக்கு மிகாத .177 ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. 10 மீட்டர் தடத்தில், விழுந்தால் ஓசை எழுப்பும் ஐந்து தகடுகளும் ஒரு டைமரும் இருந்தால் வாரம் ஒருமுறை அவள் தன் துல்லியத்துக்கு நொடியில் விலை போட்டுப் பார்க்கலாம். பின்னாளில் 25 மீட்டர் பிஸ்டலுக்குப் போகும்போது, மூன்று நொடிக்குள் கையை உயர்த்தி ஒரே ஒரு தோட்டாவைச் சுட வேண்டிய அந்த ரேபிட் சுற்றில், அவளுக்குத் தன் வேகத்தின் எல்லை முன்பே தெரிந்திருக்கும். பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் நான்காம் இடம் பெற்ற போட்டி இந்த 25 மீட்டர் பிஸ்டல்தான். அந்த அளவில் பதக்கத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இடையே நிற்பது, எப்போது விசையை இழுப்பது என்ற முடிவு மட்டுமே.

பிராக்டிகல் பிஸ்டல் உலகம் தன் பிரிவுகளைக் கூட்டிக்கொண்டே போகட்டும். அங்கே கருவிச் சந்தை பெரிது. அதன் நெருக்கடியும் பெரிது. நமக்கு அந்தச் சந்தை இல்லை என்பதே நம் வாய்ப்பு. கருவியைப் பற்றிய பேச்சைச் சுருக்கி, குறிக்கும் வேகத்துக்கும் இடையிலான விலையை நேர்மையாகக் கணக்கிடும் சுடுதளங்களை ஒத்திவாக்கத்திலும் வேளச்சேரியிலும் உருவாக்க முடியும். அதற்கு வேண்டியவை ஒரு டைமரும், பயிற்சியாளரின் துணிவும், ஒரு தோட்டாகூடத் தவறக் கூடாது என்ற பிடிவாதமும்.